இரண்டாம் மாடிக் குடித்தனம்

சின்னத்தாயி பார்க்கப் போன ஒன்பதாவது வீட்டில் ரத்தம் சிந்தியது. அது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வீடு. தம்பிக்குத் தெரியாமல் அண்ணன் அதை விற்கப் பார்த்தான். அவள் மாடிப்படிச் சுவரின் விரிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, தம்பி கறி வெட்டும் கத்தியோடு படியேறி வந்தான். பேச்சே இல்லை. ஒரே வீச்சில் அண்ணனின் முன்கை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது வீச்சு கைப்பிடிச் சுவரில் பட்டு சிமென்டைப் பெயர்த்தது. தரகர் பச்சைமுத்து அவளை இழுத்துக்கொண்டு ஓடினார். தொம்மலூரில் தான் குடியிருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் அவள் முதலில் செருப்பைக் கழுவினாள்.

மறுநாள் பச்சைமுத்து போன் செய்து, இப்போது அந்த வீடு பாதி விலைக்குப் படியும் என்றார். பங்காளி வழக்கு தன் ஆயுளில் தீராது, வேறு பாருங்கள் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் அப்படிப்பட்டவள்தான். பீன்யாவில் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியவள். ஒரு சுற்று பிசகினால் மோட்டார் ஆறு மாதத்தில் எரிந்துவிடும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் எங்கே எரியும் என்றுதான் முதலில் பார்ப்பாள். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனபோது கைக்கு வந்த தொகை இருந்தது. லாரி மோதிச் செத்த கணவனுக்காக வந்த நஷ்டஈடு பதினாறு வருஷமாக வங்கியில் தொடப்படாமல் கிடந்தது. மீதிக்கு மகள் மலரின் சம்பளத்தின் மேல் கடன். மலர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள். அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு வீட்டைப் பார்த்தால் தரகர்களுக்கு வேர்த்துவிடும்.

வாடகைக்கு விட ஒரு சின்னக் கட்டடம் வேண்டும், வயதான காலத்தில் யாரிடமும் கை நீட்டக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பார்த்ததிலெல்லாம் ஏதோ ஒன்று இடித்தது. ஒன்று ராஜகாலுவேயின் மேலேயே நின்றது. மழைநீர் வாய்க்காலை அடைத்துக் கட்டியதை மாநகராட்சி என்றைக்கு இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றில் குடியிருந்தவர்கள் எல்லோரும் லீஸுக்கு வந்தவர்கள். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் எப்போதோ தின்றுவிட்டார். வாங்குகிறவள்தான் திருப்பித் தர வேண்டும்.

பன்னிரண்டாவதாக வந்தது ஜோகுபாளையத்து வீடு. சின்ன மனை, மேலே இரண்டு மாடி. உரிமையாளர் நாணு, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ருக்மிணி இறந்த பிறகு மகன் ஸ்ரீஹர்ஷாவோடு பூனாவில் இருக்கப் போகிறார். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றில் ஒரு கறை இல்லை. மாநகராட்சிச் சொத்துப் பதிவான கத்தாவும் சுத்தம். மலர் பத்திரத்தை மூன்று முறை படித்துவிட்டு, குற்றம் கண்டுபிடிக்க முடியாத எரிச்சலோடு மடித்து வைத்தாள்.

கீழே ஆட்டோ ஓட்டும் டென்சில். மாதா மாதம் வாடகையை இழுப்பவன் என்று நாணுவே சொன்னார். முதல் மாடியில் நாணுவே இருந்தார், பத்திரம் முடிந்ததும் அது காலியாகும். இரண்டாம் மாடியில் அபினவ், ஷ்ரேயா என்று ஒரு இளம் தம்பதி. “அந்த மாடி தங்கம்க்கா,” என்றார் பச்சைமுத்து. “ஒண்ணாந்தேதி காலைல வாடகை அக்கவுண்ட்ல இருக்கும். மூணு வருஷத்துல ஒரு நாள் தவறுனதில்ல. உங்க தவணைல பாதி அதுலயே போயிரும்.”

அபினவ் கதவைத் திறந்து சிரித்தான். மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்று பேசினான், தண்ணீர் கொடுத்தான். மனைவிக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்றான். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குளியலறைக் கதவில் மட்டும் சின்னத்தாயியின் கண் நின்றது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கதவின் கீழ்ப்பாதியில் புது பிளைவுட் அறைந்திருந்தார்கள். மழையில் உப்பி அடைத்துக்கொண்டது, உடைத்துத்தான் திறந்தோம் என்றான் அபினவ். நாணு ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

வாங்குவதற்கு முன் ஒரு வீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் வரும் காவிரித் தண்ணீர் தொட்டிக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனாள். தொட்டி மூடியைத் தூக்கியபோது கீழிருந்து சத்தம் வந்தது.

அவளுக்கு இடது காது கேட்காது. வலது காது மிகக் கூர்மை. முதலில் வந்தது நாற்காலி விழுந்த சத்தம் இல்லை. சுவரில் தலை மோதும் சத்தம். அதை வேறு எதோடும் அவள் குழப்பிக்கொள்ள மாட்டாள். மோதிய பிறகு ஒரு நொடி எல்லாம் நின்றுபோகும்; அடிபட்டவள் மூச்சை இழுக்கிற நேரம் அது. மறுபடி மோதியது. நடுவில் ஒரு ஆண் குரல், கத்தாமல், பாடம் நடத்துவது போல ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

தொட்டி மூடியைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். இது இன்னும் என் வீடு இல்லை என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

அபினவ் திறந்தான். நெற்றியில் வேர்வை, முகத்தில் அதே சிரிப்பு. அவன் தோளுக்குப் பின்னால் தரையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் மேல் சட்டையை நனைத்திருந்தது. சின்னத்தாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைக்கப் போனாள். அவன் அவளைத் தள்ளவில்லை, திட்டவில்லை. கதவை முழு பலத்தோடு சாத்தினான். அவளுடைய வலது கை நிலையில் இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் நொறுங்கியது அவளுக்கே கேட்டது. அவள் கத்தியதும் கதவைக் கொஞ்சம் திறந்து, கை வெளியே போன பிறகு மறுபடி சாத்தித் தாழிட்டான்.

டென்சில்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வழியில் அவள் கேட்டாள், இது எத்தனை நாளாக நடக்கிறது என்று.

“எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருஷமாம்மா,” என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி. “ஓனர் கையில சொன்னேன். நீ மொதல்ல வாடகைய நேரா குடு, அப்பறம் அடுத்தவன பத்தி பேசுன்னாரு. அதுக்கப்பறம் சத்தம் வந்தா டிவிய ஜாஸ்தி வெச்சுக்குவேன்.”

கட்டுப் போட்ட கையோடு அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். ஒரு காவலர் வந்து பார்த்தார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள் ஷ்ரேயா. இந்த அம்மாவின் கை கதவில் தற்செயலாக மாட்டிக்கொண்டது என்றான் அபினவ். காவலர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நாணு மறுக்கவில்லை. வயதான மனிதர், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். “தெரியும். ருக்மிணி இருந்தவரைக்கும் மேல போய் ரெண்டு வார்த்தை கேட்டுண்டு வருவா. நான் போகலை. கரெக்டா வாடகை குடுக்கறவனை என்னன்னு சொல்லிக் காலி பண்ணச் சொல்றது, சொல்லுங்கோ.” விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அவள் எழுந்து வந்தாள்.

பச்சைமுத்துவுக்கு அது நல்ல சேதியாகப்பட்டது. இன்னும் இழுத்துப் பேசலாம் என்றார். மலருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முன்பணம் போனால் போகட்டும், விட்டுவிடு என்றாள். “ரிஸ்க் பாக்குறதுதாம்மா என் வேலையே. இவனை வெச்சிருந்தா போலீஸ் கேஸ், அனுப்புனா பாதித் தவணை போச்சு. ரெண்டு பக்கமும் நஷ்டம். எவனாவது இதுல காசு போடுவானா?”

மகள் சொன்னது சரி. அந்த வாரம் முழுக்க சின்னத்தாயி அதைத்தான் எடைபோட்டாள். ஆனால் மலருக்குத் தெரியாத ஒன்று அவள் தராசில் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவளும் கணவனும் கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். அவன் அடிப்பான். பெல்ட்டால், சோற்றுக் கரண்டியால், எதுவும் இல்லையென்றால் கையால். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்தார். அவரைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அவரோ சத்தம் தாங்கவில்லை, மாதக் கடைசியில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து அவர்கள் போன வீடு, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் ஓரத்தில் தனியாக நின்றது. அக்கம்பக்கம் யாரும் இல்லை. அங்கேதான் அவள் காது போனது. அறை விழுந்தபோது தலைக்குள் ஒரு விசில் கேட்டது, அப்புறம் அந்தப் பக்கம் எதுவுமே கேட்கவில்லை. காதிலிருந்து வந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போட்டாள்.

அபினவைக் காலி செய்ய வைக்கலாம். அது சுலபம். அவன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, சத்தம் கேட்காத உயரத்தில் ஏதாவது ஒரு அடுக்குமாடியில் குடியேறுவான். சரியாக ஒன்றாம் தேதி வாடகை கொடுப்பான். அங்கேயும் அவனைத் தங்கம் என்பார்கள். நாணுவிடமிருந்து வேறு யாராவது வாங்கினாலும் அப்படித்தான். வாங்கிவிட்டு அவனை அப்படியே விட்டுவைத்தால், அந்தப் பெண் வாங்குகிற அடியிலிருந்துதான் தன் கடன் தவணை கட்டப்படும்.

சத்தம் கேட்கிற தூரத்தில் தானே இருக்க வேண்டும் என்று அவள் வீட்டை வாங்கினாள். பத்திரம் முடிந்த மறு வாரமே தொம்மலூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அவர்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில் குடியேறினாள். மலர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் தோழி வீட்டில் தங்கினாள். பிறகு தன் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

அபினவ் இறங்கி வந்து வாழ்த்துச் சொன்னான். விரல்கள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தான். ஷ்ரேயா தண்ணீர் லாரிக்காரனிடம் பேச மாடிப்படியில் வந்த ஒரு நாள், சின்னத்தாயி அவள் உள்ளங்கையில் தன் வீட்டுச் சாவி ஒன்றை வைத்து மூடினாள். “என் கதவு. எப்ப வேணாலும் தொறந்துக்க. ஒண்ணும் கேக்கமாட்டேன்.” ஷ்ரேயா சாவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கையை மூடிக்கொண்டு மேலே போனாள்.

அதற்குப் பின் ஐந்து வாரம் சின்னத்தாயி தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் போய்த் தட்டினாள். ஒவ்வொரு முறையும் அவன் சிரித்துக்கொண்டே திறந்தான். ஒரு தடவை அவள் போனில் படம் பிடிக்கப் போனபோது, அதைப் பிடுங்கி மாடிப்படி வழியாகக் கீழே போட்டுவிட்டு, புது போன் வாங்கிக் கொடுத்தான்.

அந்தச் சாவி ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்டில் திரும்பியது. மலர் வேலைக்குப் போயிருந்தாள். ஷ்ரேயா உள்ளே வந்து கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழுதடு கிழிந்து தொங்கியது. கழுத்தில் சார்ஜர் ஒயரின் தடம் இரண்டு சுற்று சிவந்திருந்தது. சின்னத்தாயி அவளைத் தூக்கிச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு, வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். போலீசுக்கு போன் செய்தாள்.

அவன் வந்தான். மெதுவாகத் தட்டினான்.

“ஷ்ரேயா, காபி ஆறிப்போகுது. வா.”

பதில் வராததால் இன்னொரு முறை, அதே குரலில், கூப்பிட்டான். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. படியேறிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது காலி கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்திருந்தான். அதன் அடிப்பாகத்தால் கதவை இடித்தான். பூட்டுக்குப் பக்கத்தில் பலகை பிளந்தது. இரண்டாவது இடிக்கு மேல்தாழ்ப்பாள் பெயர்ந்து வந்து சின்னத்தாயியின் கன்னத்தில் பட்டுக் கிழித்தது. நான்காவது இடிக்குக் கதவு உள்ளே விழுந்தது.

அவளைத் தாண்டித்தான் அவன் போனான், அங்கே ஒருத்தி நிற்பதே தெரியாதது போல. ஷ்ரேயாவின் கூந்தலை முஷ்டியில் சுருட்டி, முகத்தைச் சமையல் மேடையின் கடப்பாக் கல்லில் மோதினான். பல் உடைந்து தரையில் தெறித்தது. மறுபடி மோதுவதற்காகத் தலையைத் தூக்கினான்.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் இரும்பு மூடியை நெம்பித் தூக்க ஒரு கம்பி வாசலோரம் சாய்த்து வைத்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் மடங்காததால் சின்னத்தாயி இரண்டு கையாலும் அதைப் பிடித்து, அவன் முழங்காலின் பக்கவாட்டில் அடித்தாள். காய்ந்த கிளை முறிவது போல ஒரு சத்தம். கூந்தல் அவன் கையிலிருந்து விடுபட்டது. அவன் பக்கவாட்டில் சரிந்து விழுந்து, முதல் முறையாகக் கத்தினான்.

அவனால் இனி எழ முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஷ்ரேயா தவழ்ந்து மேடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. அவன் வேண்டாம் என்று வலது கையை நீட்டினான். சின்னத்தாயி நீட்டிய அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பியை மறுபடி ஓங்கி அந்தக் கையின் மேலேயே இறக்கினாள்.

வாசலில் டென்சில் நின்றிருந்தான். உள்ளே வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை வாங்கினான். அவள் உடம்பு நடுங்கவே இல்லை. அதுதான் பிறகு அவளைப் பயமுறுத்தியது.

போலீஸ் வந்து, அன்று மாலை வரை அவளைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மேலும் வழக்கு, அவன் மேலும் வழக்கு. அவனுக்கு முழங்காலில் தகடு வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. ஷ்ரேயா ஆஸ்பத்திரியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மைசூரிலிருந்து அப்பா வந்து அவளை அழைத்துப் போனார். ஷ்ரேயா சின்னத்தாயியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பேசாவிட்டால் அம்மா ஜெயிலுக்குப் போவது நிச்சயம் என்று மலர் தினமும் அழுதாள். சின்னத்தாயி மைசூருக்குப் போன் செய்ய மறுத்துவிட்டாள். ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொல்லித்தான் சாவி கொடுத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஷ்ரேயா தானாகவே வந்து வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று வருஷத்தையும் சொன்னாள், முன்பல் இல்லாத வாயால், ஒவ்வொரு நாளாக.

இரண்டாம் மாடி எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அதுவரை அபினவின் வக்கீல் சாமானை எடுக்கவும் இல்லை, சாவியைத் தரவும் இல்லை. தவணை மலரின் சம்பளத்தை விழுங்கியது. அல்சூரில் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு கடையிலிருந்து காயில் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து, வளைந்த விரல்களோடு சின்னத்தாயி மறுபடி கம்பி சுற்றினாள். முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்தது இப்போது மூன்று மணி நேரம் எடுத்தது. டென்சில் முதல் முறையாக ஒன்றாம் தேதி வாடகை கொண்டுவந்தான். அடுத்த மாதமே மறுபடி இழுத்தான். பூனாவிலிருந்து நாணு ஒரு முறை போன் செய்து, மேல் மாடிக்கு ஆள் வந்தாச்சா என்று கேட்டார். அவள் வைத்துவிட்டாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. தற்காப்புக்காக அடித்தது என்று வாதாடப் போவதாகச் சொன்ன அவளுடைய வக்கீல், ஒரே ஒரு அடி என்றுதான் சொல்ல வேண்டும், கையில் பட்டதும் அதே அடியில்தான் என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார். டென்சிலும் சாட்சி சொல்ல வந்தபோது அப்படியே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அபினவின் வக்கீல் அவளைக் கூண்டில் வைத்துக் கேட்டார். குறைந்த வாடகைக்கு இருந்தவரை விரட்டி, அதிக வாடகைக்கு விடத்தானே அடித்தீர்கள்? வீடு வாங்கும்போதே அவர் அங்கே குடியிருப்பது தெரியுமல்லவா?

“தெரியும் சார். அவர் என்ன செய்றாருன்னும் தெரியும். தெரிஞ்சுதான் வாங்குனேன்.”

எத்தனை அடி அடித்தீர்கள் என்றார் அவர்.

அபினவ் எதிரே ஊன்றுகோலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். விரல்கள் நேராக நிற்காத அந்த வலது கை ஊன்றுகோலின் மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“ரெண்டு. மொதல் அடி அந்தப் பொண்ண விடவைக்க. ரெண்டாவது அடிக்கு அவசியம் இல்ல. அது எனக்காக அடிச்சேன்.”

அவளுடைய வக்கீல் பேனாவைக் கீழே போட்டார். நீதிபதி தலை நிமிர்ந்து, அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

வெளியே வந்ததும் மலர் நடைபாதையிலேயே நின்று சண்டை போட்டாள். வீட்டை வாங்கினாய், கையை உடைத்துக்கொண்டாய், இப்போது தண்டனையையும் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்றாள். சின்னத்தாயி கேட்காத காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தா மழைக்காலம் முடிந்த பிறகு. இரண்டாம் மாடியைப் பார்க்க அன்று மாலை இரண்டு நர்ஸுகள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குளியலறைக்குப் புதுக் கதவு போட்டாகிவிட்டது, தாழ்ப்பாள் உள்பக்கம். கீழே தன் சமையல் மேடைக் கல்லில் படிந்த கறை மட்டும் எத்தனை தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. வருகிறவர்கள் கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடலாம், கேட்டுவிட்டு வேண்டாமென்று போனால் போகட்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.